விலைக்கு வாங்கும் நட்சத்திரங்கள்

வேலூரில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் தொழில் செய்பவர்களிடம் வாடிக்கையாளர்கள் கூச்சமின்றிக் கேட்பது, "கூகுளில் ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்" என்பதுதான். அந்த வேலையை நான் எடுப்பதில்லை. எந்த ஊரிலும் அது தவறு. இந்த ஊரில் அது கொடுமை.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் இங்கே ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அதை நம்பி மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவக் கோப்பும் செல்பேசியுமாகக் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. விசாரிக்கவும் ஆள் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரம், லிஃப்ட் உண்டு, அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம்" என்று யாரோ எழுதியதை நம்பித்தான் லாட்ஜுக்கு முன்பணம் அனுப்பியிருப்பார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இதய நோயாளி ஒருவர் மூன்று மாடி ஏறினால், அந்த வரியைக் காசுக்கு எழுதியவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. வேறெங்கும் கருத்து எழுதாத கணக்குகள், ஒரே வாரத்தில் வரிசையாக, "எக்ஸலண்ட் சர்வீஸ், நீட் அண்ட் க்ளீன்" என்று மட்டும் எழுதியிருக்கும். உண்மையில் தங்கியவரோ, காலை எட்டு மணிக்கு மேல் வெந்நீர் வராது என்பதையும், முதலாளி சக்கர நாற்காலி கொடுத்து உதவினார் என்பதையும் சேர்த்தே எழுதுவார். அந்த வெந்நீர்க் குறைதான் அவருடைய பாராட்டையும் நம்ப வைக்கிறது. அதை நீக்கித் தரச் சொல்லும் முதலாளிகளுக்கு இதைப் புரிய வைப்பதே எனக்குப் பெரும்பாடு.

சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. இணைய மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுளின் விதிகளும் தடுக்கின்றன.

மறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அறையைக் காலி செய்கிறவர்கள் கருத்து எழுத வசதியாக வங்காளத்திலும் இந்தியிலும் கியூஆர் அட்டை வைக்கலாம்; இன்றைய நிலையில் அறை எப்படி இருக்கிறதோ அப்படியே படமெடுத்துப் போடலாம்; குறை சொன்னவருக்கு மரியாதையாகப் பதில் எழுதலாம். பலன் மெதுவாகத்தான் வரும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் அதோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

வேலூரில் இத்தொழில் செய்யும் நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: லாட்ஜ், லேப், மருந்துக்கடை ஆகிய மூன்றுக்கும் போலி ரிவ்யூ எழுத மாட்டோம் என்று முதலில் முடிவெடுப்போம், மற்ற கடைகளைப் பற்றி அடுத்து உட்கார்ந்து பேசுவோம்.