பிளாஸ்டரில் ஒரு நிலாப் பள்ளம்: முதல் கட்டம்

1874இல் ஜேம்ஸ் நாஸ்மித்தும் ஜேம்ஸ் கார்பென்டரும் வெளியிட்ட நிலா நூலின் புகழ்பெற்ற மலைப்படங்கள் நேரடியாக நிலாவை எடுத்தவை அல்ல. தொலைநோக்கியில் பார்த்து வரைந்து, பிளாஸ்டரில் வடித்து, வெயிலில் வைத்து எடுத்தவை. அன்றைய கேமராவுக்கு அத்தனை நுணுக்கம் சிக்காது. படங்களில் மலைகள் ஊசி ஊசியாக நிற்கும். அதே முறையில், ஆனால் சரியான விகிதத்தில், கோப்பர்னிகஸ் பள்ளத்தைச் செய்து பார்த்த குறிப்பு இது.

பள்ளத்தின் விட்டம் 93 கி.மீ., ஆழம் சுமார் 3.8 கி.மீ. விட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் ஆழம் 8 மி.மீ.தான்! நடுச் சிகரம் 3 மி.மீ.கூட வராது. கை தானாகவே ஆழமாகத் தோண்டப் பார்க்கும், 8 மி.மீ. குறியிட்ட குச்சியை அடிக்கடி நட்டுப் பார்க்க வேண்டும்.

30 செ.மீ. சதுர டிரேயில் 2.5 செ.மீ. உயரத்துக்கு 2.1 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒன்றரை லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். தூளில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி புகுந்து, தேவையில்லாத குட்டிப் பள்ளங்கள் முளைக்கும். இறுகத் தொடங்கியதும் கரண்டியால் தோண்டி, படிக்கட்டு போன்ற உட்சுவர்களை ஈரம் காயும் முன் கத்தியால் சுரண்டலாம்.

வெள்ளையாக விட்டால் சுவருக்குச் சுவர் ஒளி தெறித்து நிழல் வெளுத்துவிடும். நிலாத்தரை சராசரியாக 12 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆகவே படக்காரர்கள் ஒளியை அளக்க வைத்திருக்கும் 18 சதவீத சாம்பல் அட்டையைவிடச் சற்று அடர்த்தியான, பளபளப்பில்லாத பெயின்ட். தடிமனாகப் பூசினால் படிகள் மூழ்கிவிடும். பள்ளத்திலிருந்து வெளியே கதிர்போல் சிதறிக் கிடக்கும் வெண்கோடுகளை வரைய வேண்டாம். தாழ்ந்த வெயிலில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

விளக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சூரியனின் அகலம் வானில் அரை டிகிரி. 2 மீட்டர் தள்ளி வைத்த விளக்கில் 18 மி.மீ. துளை அதற்கு ஈடு. பெரிய பல்பு நிழல் விளிம்பைக் கரைத்துவிடும். 10 டிகிரி சாய்வுக்கு விளக்கு 35 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி கட்டாயம். கேமரா நேர் மேலே, டிரைபாடில், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/16.

10 டிகிரியில் 8 மி.மீ. விளிம்பின் நிழல் 4.5 செ.மீ. நீளும், 5 டிகிரியில் 9 செ.மீ., ஏறக்குறைய பாதிப் பள்ளம். நிழலின் நீளத்தை உயரமென்று கண் நம்பிவிடுகிறது. நாஸ்மித்தின் ஊசிமலைகள் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். செஸ்லி போன்ஸ்டெல் போன்ற ஓவியர்களும் 20ஆம் நூற்றாண்டில் கூர்மலைகளையே தீட்டினார்கள். 1971இல் அப்பல்லோ 15 நிலாவின் ஹேட்லி மலைப்பகுதியிலிருந்து அனுப்பிய படங்களில் இருந்தவை வழவழப்பான, உருண்ட மலைகள்.

அடுத்து, அதே அச்சில் ஆழத்தை மும்மடங்காக்கிய இன்னொரு வார்ப்பு. 24 மி.மீ. ஆழத்துக்கு 2.5 செ.மீ. பிளாஸ்டர் போதாது, 4 செ.மீ. ஊற்ற வேண்டும்.