“எல்லாம் காப்பர்தான் சார்” – புது ப்ளூ டாங்குக்கு வைத்தியம் பார்த்த கதை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நான் புதிதாக வாங்கிய ப்ளூ டாங் என்ற நீல நிறக் கடல் மீன் பிழைத்துவிட்டது. இப்போது பெரிய தொட்டியில் நாள் முழுக்கப் பாறையைக் கொறித்துக்கொண்டு திரிகிறது. இதைப் படிக்கும்போதே யாராவது புள்ளி விழுந்த மீனுக்கு முன்னால் பதறிப்போய் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் முடிவை முன்னால் வைத்தேன். மற்றபடி, எனக்கு இன்னும் அடங்காத கோபம் ஒன்று உண்டு. அது நோயின் மேல் இல்லை, மருந்தை விற்ற கடையின் மேல்.

மீனை நேராகப் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியில் விடவில்லை. வேறு அறையில், புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்க 80 லிட்டர் குவாரண்டைன் தொட்டி தயாராக இருந்தது. மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஏர் ஸ்டோன், சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) பல வாரம் ஊறிய ஸ்பான்ஜ் ஃபில்டர், அவ்வளவுதான். “எங்க கடையில எல்லா மீனுக்கும் ட்ரீட்மென்ட் முடிச்சுத்தான் விக்கிறோம்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அந்தப் பேச்சை யாரும் நம்பவேண்டாம். முடித்திருந்தால் சந்தோஷம். முடிக்கவில்லை என்றால் உங்கள் தொட்டியில் இருக்கும் அத்தனை மீனுக்கும் ஆபத்து.

சில நாளிலேயே வால் துடுப்பில் ஒன்றிரண்டு வெண்புள்ளி, பிறகு மார்புத் துடுப்பில், பிறகு விலாவில். உட்கார்ந்து எண்ணக்கூடிய அளவில், தனித்தனியாகத் தெரிந்தன. இதைக் கவனிப்பது முக்கியம். புள்ளிகள் எண்ணமுடியாதபடி பொடிப்பொடியாகப் படர்ந்து, மீன் மூச்சு வாங்கிக்கொண்டு பம்ப் வீசும் நீரோட்டத்துக்கு எதிரிலேயே நின்றால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். அதில் யோசிக்க நேரமே கிடையாது, இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். என் மீனுக்கு மூச்சு சீராக இருந்தது, அவ்வப்போது குழாயில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. மரைன் இக், அதாவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணியால் கடல் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்.

கடைக்குப் போன் செய்தேன். “ஹீட்டரை ஏத்துங்க சார், கொஞ்சம் உப்பு போடுங்க, சரியாயிடும்” என்றார் எடுத்தவர். உப்புநீர் மீனுக்கு உப்பு! நன்னீர் மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயின் கிருமியே வேறு. சூட்டை ஏற்றுவதும் உப்பு போடுவதும் அதற்கான வைத்தியம். கடல் மீனின் இக் அந்தச் சூட்டில் சாகாது. தண்ணீர் சூடானால் ஆக்ஸிஜன் குறைந்து, ஏற்கெனவே செவுளில் ஒட்டுண்ணி உள்ள மீன்தான் திணறும்.

அடுத்த சோதனை அதைவிட மோசம். ஒரு காலை விளக்கைப் போட்டுப் பார்த்தால் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. நீலம் பளபளவென்று இருந்தது. மறுபடி கடைக்காரர்: “பார்த்தீங்களா, போயிடுச்சு. எடுத்துப் பெரிய டேங்க்ல விடுங்க.” எத்தனை பேர் தொட்டியைக் காலி செய்தது இந்த ஒரு வரி! புள்ளி மறைந்தால் நோய் போனதாக அர்த்தம் இல்லை. மூன்று முதல் ஏழு நாள் வரை மீனின் தோலுக்கடியில் தின்று கொழுத்த ஒட்டுண்ணி, பெரும்பாலும் இருட்டில், தானாகவே கழன்று கீழே விழுகிறது. தொட்டியின் தரையில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்கிறது. உள்ளே பிரிந்து பெருகி, ஓர் உறையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே நீந்தி வருகின்றன. ஒன்றிரண்டு நாளுக்குள் அவற்றுக்கு ஒரு மீன் கிடைத்தாகவேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் மீன் எங்கே ஓடும்? முதல் சுற்றில் பத்துப் புள்ளி இருந்தால் அடுத்த சுற்றில் உடம்பே மறையும். என் டாங்குக்கும் புள்ளிகள் திரும்பி வந்தன, முன்னைவிட அதிகமாக.

அதற்குள் இந்த நோய்க்கான காப்பர், அதாவது செம்பு மருந்து, வாங்கி வைத்திருந்தேன். இனிதான் என் வயிற்றெரிச்சலே தொடங்குகிறது.

கடல் மீன் வைத்தியத்தில் காப்பர் இரண்டு வகை. அயானிக் காப்பர் ஒன்று. அதில் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு லிட்டருக்கு 0.5 மி.கி. அளவு. செம்பை வேறொரு மூலக்கூறோடு பிணைத்து வைத்த கீலேட்டட் காப்பர் இன்னொன்று, அதற்கு 2.0 முதல் 2.5 மி.கி. வேண்டும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் இரண்டு விதமான சாவு. அயானிக்கை 2 வரை ஏற்றினால் மருந்தே மீனைக் கொல்லும். கீலேட்டட்டை 0.5-இல் நிறுத்தினால் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டு இருப்பீர்கள், மீன் நோயில் சாகும். அதனால் கவுன்ட்டரிலேயே கேட்டேன், இது எந்த வகை என்று. “எல்லாம் காப்பர்தான் சார். 0.5 வச்சுக்கங்க போதும்.” பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், மருந்தின் விவரம் அச்சிட்ட இடத்தின் மேலேயே கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் நனைத்துப் பொறுமையாக உரித்தேன். அடியில் தெளிவாக இருந்தது: கீலேட்டட். அவர் சொன்ன 0.5 என்பது தேவையானதில் கால் பங்கு.

ஸ்டிக்கரை உரிக்காமல் மருந்தை ஊற்றாதீர்கள். இந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன் என்றாலும் தப்பில்லை.

அதே கடையில் கொடுத்த சொட்டு டெஸ்ட் கிட்டும் உதவவில்லை. நிற அட்டையில் 1-க்கு அடுத்த கட்டம் 2. நடுவில் உள்ளதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். பகலில் ஜன்னலருகே ஒரு நிறம், இரவில் ட்யூப் லைட்டில் இன்னொரு நிறம். சில கிட்டுகள் கீலேட்டட் காப்பரைச் சரியாகப் படிப்பதும் இல்லை. காப்பர் வைத்தியத்தில் அளவுதான் எல்லாமே. தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியையும் காப்பர் தொடாது, உறைக்குள் இருப்பதையும் தொடாது. தண்ணீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தை மட்டுமே கொல்லும். எந்த உறை எப்போது வெடிக்கும் என்று நமக்குத் தெரியாது, ஆகவே அளவு ஒரு நாள்கூட இறங்கக்கூடாது. இறங்கினால் அன்றிலிருந்து மறுபடி முதல் நாள்.

கடைசியில் ஹன்னா நிறுவனத்தின் ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் என்ற மீட்டரை வாங்கினேன். 5 மி.கி. வரை இரண்டு தசமத்தில் எண்ணாகக் காட்டும். முதலில் வெறும் தொட்டி நீரை வைத்துப் பூஜ்யம் பிடித்து, பிறகு பொடி கலந்து மறுபடி வைக்கவேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இதுவும் முன்னுக்குப் பின் முரணாகக் காட்டியது. காரணங்கள் சின்னவை: பொடிப் பாக்கெட்டின் மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மிஞ்சுகிறது, அதை விரலால் தட்டித் தட்டி முழுசாகக் கொட்டவேண்டும். குப்பியின் வெளிப்புறத்தில் கைரேகை இருந்தால் எண் மாறும், உள்ளே காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தாலும் மாறும். மென்மையான துணியால் துடைத்து, ஒரே நேரத்தில் இரண்டு தடவை பார்த்து, இரண்டும் நெருக்கமாக வந்தால் மட்டும் குறித்துவைக்கத் தொடங்கினேன். திரையில் 2.24 என்று நின்ற அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே நாளில் அந்த அளவுக்கு ஏற்றவில்லை. நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றினேன். டாங் வகைகளுக்கு அதுதான் நல்லது. தொட்டியில் எழுதியிருக்கும் 80 லிட்டரை நம்பிக் கணக்குப் போடவும் கூடாது; மேல்விளிம்பு இடைவெளி, குழாய், ஸ்பான்ஜ் எல்லாம் போக உள்ள தண்ணீர் அதைவிடக் குறைவு. தொட்டியை நிரப்பும்போதே அளவு ஜாடியால் எண்ணி ஊற்றி, கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டுவைத்தால் பின்னால் தலைவலி இல்லை.

கோடு இன்னொன்றுக்கும் உதவியது. ஆவியாகிப் போன தண்ணீருக்கு வெறும் ஆர்ஓ நீர் போதும், காப்பர் ஆவியாவதில்லை. ஆனால் தண்ணீர் மாற்றும்போது உள்ளே போகும் புது உப்புநீரில் காப்பரும் அதே அளவில் இருக்கவேண்டும். 20 லிட்டர் மாற்றினால், லிட்டருக்கு 2.25 கணக்கில் 45 மி.கி. காப்பர் அந்த வாளியிலேயே கலந்திருக்கவேண்டும். நான் வாளியையே மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

தண்ணீரோ அடிக்கடி மாற்றவேண்டி வந்தது. அம்மோனியா! ஊறவைத்த ஸ்பான்ஜ் இருந்தும், காப்பர் ஏறியதும், மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தடுமாறியது. கடல்நீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே கூடுதல் நச்சு. அம்மோனியாவைக் கட்டும் திரவம் வீட்டில் இருந்தது, கை அதன் பக்கம் போகத்தான் செய்தது. ஆனால் அப்படிப்பட்ட திரவங்கள் பல காப்பரோடு சேர்ந்தால் அதை மீனுக்கு இன்னும் கொடியதாக மாற்றிவிடும். இரண்டு பாட்டிலின் தயாரிப்பாளர்களும் சேர்க்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய சேர்க்காதீர்கள். கார்பனும் போடக்கூடாது, மருந்தையே உறிஞ்சிவிடும். பவளப் பாறையோ மணலோ உள்ளே இருந்தாலும் காப்பரைக் குடித்துவிட்டு அளவை இறக்கும். ஆகவே வாளிதான் வழி. உப்பு கலப்பது, சூடேற்றுவது, காப்பர் அளப்பது, மாற்றுவது என்று சாயங்காலங்கள் போயின.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது அது சாப்பிடாமல் இருந்ததுதான். காப்பர் பசியைக் கெடுக்கும். பெல்லட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. மைசிஸ் என்ற குட்டி இறால் தீனி முகத்துக்கு நேரே மிதந்து போனாலும் பார்த்துவிட்டு விட்டது. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை உள்ளே வாங்க ஆரம்பித்தது. டாங்கில் அந்தப் பள்ளம் தெரிந்தால் நேரம் குறைவு என்று அர்த்தம். கிளிப்பில் நோரியை (காய்ந்த கடற்பாசித் தாள்) மாட்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் கிளிப்பைக் கண்டே பயந்து ஒளிந்தது. பிறகு நோரியைச் சின்னதாகக் கிழித்து, அது படுக்கும் குழாயின் வாயிலேயே ரப்பர் பேண்டால் கட்டிவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது நோரியின் ஓரத்தில் அரைவட்டமாக இரண்டு கடி. சின்னக் கடிதான், ஆனால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த நாள் பூண்டுச் சாற்றில் நனைத்த மைசிஸையும் எடுத்தது. பூண்டு நோயைக் குணமாக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, அதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். வாயைத் திறக்கவைத்தால் அதுவே பெரிய உதவி.

புள்ளிகள் நின்றன, திரும்ப வரவில்லை. ஹாபியில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: முழு அளவை எட்டிய பிறகு 14 நாள் இறங்காமல் வைத்து, மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது, அதே தொட்டியில் வைத்திருப்பதென்றால் 30 நாள். நான் மாற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சுலபமாக முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தால், புதுத் தொட்டியிலும் உடம்பைத் தேய்த்தது! ஒரு கண்ணில் மெல்லிய மங்கல். புள்ளி ஒன்றும் இல்லை. மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டும் ஃப்ளூக் என்ற தட்டைப் புழுக்களைக் காப்பர் கொல்லாது என்பதைக் கடையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஃப்ளூக்தானா என்று உறுதி செய்ய நன்னீர் டிப் கொடுத்தேன், அதாவது மீனைச் சில நிமிடம் நன்னீரில் விட்டு எடுப்பது. கறுப்பு வாளியில் ஆர்ஓ நீர், தொட்டியின் அதே சூடு, சமையல் சோடா போட்டுப் பிஎச்சும் அதே அளவு, முன்கூட்டியே ஏர் ஸ்டோன். மீனை உள்ளே விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலக் கிடந்தது. ப்ளூ டாங்குக்கு இப்படி நடிக்கும் பழக்கம் உண்டு என்று படித்திருந்தும் கை நடுங்கியது. செவுள் மட்டும் சீராக அசைந்துகொண்டிருந்ததால் விட்டுவைத்தேன். ஐந்து நிமிடத்தில் எடுத்து, வாளியில் டார்ச் அடித்தேன். அடியில் வெள்ளை எள் சிதறினாற்போல் தட்டையான புழுக்கள். மீனின் மேல் இருக்கும்வரை கண்ணாடிபோல் தெளிவாக இருந்து தெரியாதவை, நன்னீர் பட்டதும் வெளுத்து விழுந்திருந்தன. கறுப்பு வாளியாக இல்லாவிட்டால் பார்த்திருக்கவே முடியாது.

டிப் மீனின் மேல் இருப்பதைக் குறைக்கும், தொட்டியில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. புழுக்கொல்லி மருந்தான பிராசிகுவான்டெலும் முட்டையைக் கொல்லாது. அதனால் ஒரு தடவை போட்டு, முட்டை பொரிந்து வரும் நேரம் பார்த்து ஒரு வார இடைவெளியில் மறுபடி போட்டேன். இந்த மருந்து இருக்கும்போது ஏர் ஸ்டோனை நிறுத்தவே கூடாது, தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கும். இரண்டாவது தடவைக்குப் பிறகு இன்னொரு டிப் கொடுத்துப் பார்த்தேன். வாளி சுத்தம்.

ஏற்கெனவே ரீஃப் தொட்டியில் மீனை விட்டபிறகு இக் வந்தவர்கள் நிலைமை வேறு. பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் காப்பர் ஊற்றவே முடியாது. ‘ரீஃப் சேஃப்’ என்று எழுதிய பாட்டில்களை நான் நம்பமாட்டேன். எல்லா மீனையும் வெளியே எடுத்து வைத்தியம் பார்த்து, தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடவேண்டும். ஒட்டுண்ணி உறைக்குள் 72 நாள் வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு இருப்பதால்தான் அவ்வளவு நாள். கஷ்டம்தான், ஆனால் பாதி மீனை எடுத்துப் பாதியை விட்டால் அத்தனையும் வீண்.

குவாரண்டைன் தொட்டிக்கு என்று தனி வலை, தனி சைஃபன், தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். கையை நனைத்தபிறகு கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தொட்டிப் பக்கம் போகவேண்டும். தெறிக்கும் துளியில்கூட ஒட்டுண்ணி போகும். காப்பரில் கிடந்த ஸ்பான்ஜை, எவ்வளவு அலசினாலும், ரீஃப் சம்ப்பில் திரும்பப் போடாதீர்கள். நான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த மீனுக்காகப் புது ஸ்பான்ஜ் ஒன்றைச் சம்ப்பில் ஊறப்போட்டிருக்கிறேன்.