முருகனை மூன்றாக வெட்டிய வரி

தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். கண்டெய்னர் லாரி போனால் மேசைமேல் டீ டம்ளர் அதிரும். என்னோடு வேலை செய்யும் காசிமேட்டுப் பையன் ஒருநாள் தன் திரையை என் பக்கம் திருப்பினான்.

"இன்னாண்ணா இது, முருகன துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கு?"

தமிழ்ப் பெயர்களைத் தேடித்தரும் நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருந்தான். சொற்களைப் பிரிக்க எல்லோரும் போடுகிற பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) என்ற குறியீட்டைத்தான் அவனும் போட்டிருந்தான். 'முருகன்' என்று கொடுத்தால் 'ம', 'ர', 'கன' என்று மூன்று துண்டுகள் வந்தன. உகரக் குறிகளையும் புள்ளியையும் காணோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் 'ம' ஓர் எழுத்து. அதனோடு சேரும் உகரம் எழுத்தல்ல, ஒட்டுக்குறி. உரையில் தேட உதவும் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனோ எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத்தான் சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. குறி வந்ததும் சொல் முடிந்தது என்று வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலேயே வேலை பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

பைத்தானிலேயே பெரிய வழுவை, அதாவது நிரல் பிழையை, பிடித்துவிட்ட மிதப்பில் தேடிப் பார்த்தால், 2007-லேயே யாரோ பதிந்து வைத்திருக்கிறார். 2022-இல் பைத்தானின் வழுப் பதிவுகள் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்துக்கு மாறியபோது இதுவும் கூடவே வந்திருக்கிறது. பையனுக்குக் கோபம். "இத்தன வருஷமா இன்னா பண்ணிட்டு இருந்தாங்க?" எனக்கும் அதே எண்ணம்தான், வெளியே சொல்லவில்லை.

நாம் ஓட்டும் பைத்தானுக்கு சிபைத்தான் என்று பெயர். அதன் மூலநிரலை இறக்கித் தேடினோம். சி மொழியில் ஒரே ஒரு மேக்ரோ, அதாவது பெயர் வைத்த ஒரு குறுவரி. எழுத்தா, எண்ணா, இல்லை அடிக்கோடா என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

"ஒரே வரிண்ணா. குறியையும் சேத்துட்டா முடிஞ்சுது. பைத்தான்காரங்களுக்கு அனுப்பிடலாமா?"

"மொதல்ல பில்டு பண்ணி நம்ம பழைய புரோகிராம அதுல ஓட்டிப் பாரு." ஞானத்தில் சொன்னதல்ல, பழக்கதோஷம்.

திருத்திய மூலநிரலை ஓடும் பைத்தானாக மாற்றும் பில்டு முடிந்தது. முருகன் முழுசாக வந்தார். பையன் மேசையைத் தட்டினான். அப்புறம், சில வருடங்களாக ஒரு வாடிக்கையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் பழைய தேடல் நிரலை அதே பைத்தானில் ஓட்டினான். முருகன் என்று தேடினால் ஒன்றுமில்லை. மரகதம், ஒன்றுமில்லை. செல்வி, ஒன்றுமில்லை.

அந்த நிரலை எழுதியவன் நான். தேடுவதற்கான பெயர் அட்டவணை போடும்போதே பெயர்கள் துண்டாகித்தான் சேர்ந்திருக்கின்றன. தேடுகிற பெயரும் அதேபோல் துண்டானதால், துண்டும் துண்டும் பொருந்தி இத்தனை நாள் வேலை நடந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. இப்போது முழுப் பெயர் போய்த் தேடினால் அங்கே இருப்பது துண்டுகள். எங்கள் ஒரு மாடி அறைக்குள்ளேயே இந்த வழுவை நம்பிப் பிழைக்கும் நிரல் ஒன்று இருக்கிறது என்றால், உலகம் முழுக்க எத்தனை இருக்கும்? அதிலும் சொல் எல்லையைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் பி-யும் இதே மேக்ரோவைத்தான் கேட்கிறது. 2007-இல் பதிந்தவர் சொன்னது சரி. தொடத் தயங்குகிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்த வரியை நாங்கள் அனுப்பவில்லை. ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பு ஒட்டுக்குறியையும் சேர்த்தே எடுக்கிறது. அதைப் போட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய அட்டவணையை முதலிலிருந்து போட்டோம். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது.

பையன் விடவில்லை. சில மாதம் கழித்து, பைத்தானின் ஆவணத்தில் குழப்பமாக இருந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தி அனுப்பினான். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று முதலில் ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல், நிறுத்தியது. கையெழுத்துப் போட்டான். முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றினான், சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்கித் தந்தான்.

அந்த ஒற்றை வரி இன்னும் அவன் லேப்டாப்பில் மூலநிரலின் தனிக் கிளையாக, தனிப் பிரதியாக இருக்கிறது. அழித்துவிடேன் என்றால், "கெடக்கட்டும்ண்ணா" என்கிறான்.