55 ஏன் 65 ஆனது: ஒரு பீமை உடைத்துப் பார்த்த அனுபவம்

பிரீஸ்ட்ரெஸ்டு பீம் (உள்ளே இழுத்துப் பிடித்த கம்பியால் கான்கிரீட்டை முன்பே அமுக்கி வைத்த உத்தரம்) ஒன்றை ஆய்வகத்தில் உடையும்வரை ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அகலம் 150 மி.மீ., உயரம் 300 மி.மீ., அடியிலிருந்து 70 மி.மீ. மேலே 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட், அதாவது முறுக்கிய உயர்வலுக் கம்பி, இரண்டு. எவ்வளவில் உடையும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் சுமை ஏற்றும் ஜாக்கைத் தொடவிடுவேன் என்றார் பேராசிரியர்.

பீம் உடையும்போது அதிலுள்ள வளைவுத் திருப்புமை (மொமெண்ட்) எனக்கு முதலில் வந்தது 55 கிலோநியூட்டன் மீட்டர். சாதாரண ஆர்சிசி (முன்கூட்டி இழுக்காத கம்பி வைத்த கான்கிரீட்) பீமுக்குப் போடும் அதே கணக்குதான். மேல்விளிம்பு 0.003 ஸ்ட்ரெய்னில் (நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்ற அளவு) நொறுங்கும் என்று வைத்து நேர்கோடு இழுத்தால், கம்பி மட்டத்தில் 0.007, அதற்குரிய ஸ்ட்ரெஸ் (பரப்புக்கு இவ்வளவு விசை என்ற அளவு) சுமார் 1360 மெகாபாஸ்கல். 1860 வரை தாங்கும் கம்பி இவ்வளவு கீழே நிற்பது உறுத்தியது. தாளைப் பார்த்த பேராசிரியர் கேட்டது ஒன்றுதான்: "பீம் மேல ஒண்ணுமே வைக்காதப்போ கம்பியில ஸ்ட்ரெய்ன் எவ்வளவுப்பா?"

அதைத்தான் விட்டிருந்தேன். கான்கிரீட் சுருங்குவது போன்றவற்றால் வரும் இழப்பெல்லாம் போக 1050 மெகாபாஸ்கல் இழுவையில், கம்பி ஏற்கெனவே 0.0054 ஸ்ட்ரெய்னில் இருக்கிறது. வளைவால் வருவது அதற்கு மேல்தான் கூடும். இரண்டும் சேர்ந்தால் 0.010ஐத் தாண்டிவிடும். இந்தக் கம்பிக்கு மைல்டு ஸ்டீல் மாதிரி தெளிவான யீல்டு புள்ளி (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இடம்) கிடையாது; வரைபடத்தைப் பார்த்துத்தான் ஸ்ட்ரெஸ்ஸைப் படிக்க வேண்டும். நியூட்ரல் ஆக்ஸிஸை (அமுக்கமும் இழுவையும் இல்லாத மட்டத்தை) ஊகித்து, மேலே அமுக்கமும் கீழே இழுவையும் சமமாகும்வரை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்காம் முறை ஒத்துவந்தது: 1680 மெகாபாஸ்கல், 65 கிலோநியூட்டன் மீட்டர்.

பிரீஸ்ட்ரெஸ் முறைக்கு 1928இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் பிரெய்சினே உயர்வலுக் கம்பியை வற்புறுத்தியதன் காரணமும் அப்போதுதான் உறைத்தது. சாதாரணக் கம்பியில் ஏற்றும் சிறிய இழுவையைக் கான்கிரீட்டின் சுருக்கமும் க்ரீப்பும் (நீடித்த அமுக்கத்தில் மெல்ல மெல்லக் குறுகுவது) பெரும்பாலும் தின்றுவிடும்.

சோதனையன்று பீமுக்குச் சுண்ணாம்பு பூசி, மூன்றில் ஒரு பங்குத் தூரங்களில் இரண்டு இடத்தில் சுமை கொடுத்தோம். மொத்தச் சுமை 60 கிலோநியூட்டனைத் தொட்டபோது நடுவில் மயிரிழை விரிசல். பென்சிலால் கோடிட்டு, 75 வரை ஏற்றிவிட்டு இறக்கினோம். டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துத் தேடினேன். என் பென்சில் கோடு இருந்தது, விரிசல் இல்லை! கம்பி இழுத்து மூடிவிட்டிருந்தது. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுபடி ஏற்றினோம். 100க்கு மேல் சுமை மெல்ல ஏற, தொய்வு கிடுகிடுவென்று கூடியது. விரிசல்கள் மேல்நோக்கிக் கிளைவிட்டன. 112இல் மேல்புறம் செதில் செதிலாகப் பெயர்ந்து, 'டப்' என்று நொறுங்கியது. கம்பி அறவில்லை. தன் எடையையும் சேர்த்தால் 69 கிலோநியூட்டன் மீட்டர். சுமையை எடுத்ததும், உடைந்த அந்தப் பீம் பாதிக்கு மேல் நிமிர்ந்தது.

அடுத்தது, கம்பி ஓடும் குழாயில் க்ரவுட் (சிமெண்ட் குழம்பு) அடைக்காத பீம். அதில் கம்பி கான்கிரீட்டோடு ஒட்டாது. ஒரு வெட்டுமுகத்தில் வரும் நீட்சி முழு நீளத்துக்கும் பரவிவிடும். அதனால் இந்த 65 கணக்கு அங்கே செல்லாது. கம்பியின் மொத்த நீளத்திலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்.