விண்ணப்ப நாட்கள், வியாசர்பாடி

ஜூன் 3
மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ள சிசிஆர்டி தரும் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம். அதில் ஆய்வுத் தலைப்பு மாறிவிட்டது. ‘வடசென்னை மரண கானா’ என்று மட்டும் போட்டால் எதைத் தேடப் போகிறோம் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. இப்போது கேள்வியாகவே இருக்கிறது: சாவு வீட்டில் விடிய விடியப் பாடும்போது இறந்தவரின் பெயரும் தொழிலும் குடும்பமும் பாட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகின்றன, மெட்டு அதற்கு எப்படி வளைந்து கொடுக்கிறது? சிசிஆர்டி கேட்பது ஆய்வு. பயிற்சி, பட்டறை, கருத்தரங்கு, சுயசரிதை, புனைவு எதற்கும் இந்த ஃபெல்லோஷிப் கிடையாது என்று விதிமுறையிலேயே இருக்கிறது. ‘பசங்களுக்குக் கானா வகுப்பு எடுப்போம்’ என்று பலரும் நல்லெண்ணத்தில் ஒரு பத்தி சேர்க்கிறார்கள். அதுவே கவிழ்த்துவிடும்.

ஜூன் 5
பாடுகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

ஜூன் 8
ஜூனியர் ஃபெல்லோஷிப்புக்கு மாதம் 10,000 ரூபாய், 2 வருஷம். மொத்தம் 2,40,000. மாதாமாதம் கைக்கு வராது. ஆறு மாதத்துக்கு ஒரு தவணை, 60,000 வீதம் நாலு. ஆறு மாத அறிக்கையை அவர்கள் ஏற்றால்தான் அடுத்தது. கருவிக்கு, பயணத்துக்கு, பாடகர் கூலிக்கு என்று தனித்தனியாக எதுவும் இல்லை, எல்லாம் இதற்குள்தான்.

பாட்டு, டேப் (கையில் பிடித்துத் தட்டும் தோல் கருவி), டோலக், பின்பாட்டு என்று நாலு பேர். ஒரு பதிவுக்கு 6,000 என்றால் 12 பதிவுக்கு 72,000. இதில் கை வைக்க மாட்டேன். ரெக்கார்டரை வாடகைக்கு எடுத்தால் போதும், பயணம் பஸ்ஸில் போதும். ராத்திரி பூரா தொண்டை கிழியப் பாடுகிறவர் குரலை வைத்து அறிக்கை எழுதிவிட்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

ஜூன் 9
புளியந்தோப்பில் விடியும்வரை பாட்டு. ரெக்கார்டரை வெளியே எடுக்கவில்லை.

ஜூன் 12
சாவு வீட்டில் ஒப்புதல் படிவத்தை நீட்ட முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டாரைப் போய்ப் பார்ப்பதுதான் முறை. அதுவரை பதிவை யாரும் போட்டுக் கேட்கக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதியாச்சு. பாடுகிற அண்ணன் சொன்னது: “பாட்டை எடுத்துனு போ. யார் வூட்ல பாடுனதுன்னு மட்டும் எழுதிறாத.” ஆகவே ஒப்புதல் இரண்டு: பாடுகிறவருடையது ஒன்று, வீட்டாருடையது ஒன்று. வீட்டின் பெயருக்குப் பதில் எண். கையெழுத்து போடத் தெரியாதவர் வாயால் சொல்வதையே பதிவு செய்துகொள்ளலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைல்: மணிக்கு ஒரு ஜிபி, ஒரு ராத்திரிக்கு எட்டு. ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டும் வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டும். டேப் பக்கத்தில் மைக் வைத்தால் குரல் அமுங்கிப்போகும். மறுபக்கம், பாடகர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. லெவல் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்க வேண்டும். வீட்டில் அழுகை ஏறும்போது பாட்டும் ஏறும், அந்த இடத்தில்தான் சத்தம் உடையும்.

ஜூன் 15
மழை. ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூன் 17
பெயர். ஆதாரில் அப்பா பெயர் பின்னால், முழுசாக. பாஸ்புக்கில் முன்னால் ஒற்றை எழுத்து. பத்தாம் வகுப்பு சான்றிதழில் அதே எழுத்து பின்னால். அரசுப் பணம் பிஎஃப்எம்எஸ் என்ற மத்திய அரசின் பணப்பட்டுவாடா இணைய முறை வழியாக வரும்; அங்கே கணக்கில் உள்ள பெயர் ஒத்துப்போக வேண்டும். ஆதார்படி மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஐஎஃப்எஸ்சி கோடு இன்னொரு கண்ணி: சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனராவோடு சேர்ந்தது, பழைய கோடு 2021 ஜூலையிலிருந்து செல்லாது. பழைய செக் புக்கில் அதுதான் அச்சாகியிருக்கும்.

ஜூன் 20
எந்தப் பிரிவு? நாட்டுப்புற, மரபு, பழங்குடிக் கலைகளா, பண்பாட்டு ஆய்வா? முதலாவதில் போட்டால், எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று கேட்பார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் 1996-இல் மூடிய பி அண்ட் சி துணி மில்லில் ஷிப்ட் பார்த்தவர்களும் சேர்ந்து வளர்த்த பாட்டு இது. நகரத்துப் பாட்டுக்கு மரபு இல்லையா என்ன? ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

ஜூன் 21
முதல் பிரிவுதான். 72,000 அப்படியே இருக்கிறது.

ஜூன் 24
சான்றிதழ்களை ஸ்கேன் செய்தது 150 டிபிஐ, கறுப்பு வெள்ளை. அலுவலக முத்திரை மங்கியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கலர். எல்லாம் தயார், பாஸ்புக் பக்கம் தவிர. பெயர் இன்னும் மாறவில்லை. நாளைக்கு வங்கி திறந்ததும் போக வேண்டும்.