முதன்முதலாகத் தலைக்கு அவுரி வைத்தேன்

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த அம்மா என் வகிட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பெத்தவ கண்ணு முன்னாடியா பிள்ளை தலை நரைக்கணும்?" என்று கேட்டார். எனக்கு 41 வயது. காதோரம் நரை தெரியத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை, அலுவலகத்தில் யாராவது கேட்டால் மறைத்ததும் இல்லை. ஆனால் தம் தலை முழுவதும் பஞ்சாக வெளுத்தபோதுகூடக் கலங்காத அம்மா என் தலையைப் பார்த்துக் கலங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு எளிது, சாயத்தைத் தேர்வதுதான் கடினம். எங்கள் வீட்டில் டை என்றாலே அக்காவின் முகம்தான் நினைவுக்கு வரும். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பண்ருட்டியில், ஒரு கல்யாணத்துக்கு முந்தைய நாள், கடையில் வாங்கிய கறுப்பு டையை அவள் அடித்துக்கொண்டாள். மறுநாள் விடிந்தபோது இரண்டு இமைகளும் திறக்க முடியாதபடி வீங்கி, நெற்றியோரமெல்லாம் கொப்புளித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி கையில கறுப்பு மெஹந்தி வெச்சிருக்கீங்களா?" என்பதுதான். வைத்திருந்தாள். பெரும்பாலான கறுப்பு டைகளில் இருக்கும் பாரா பினைலீன் டைஅமீன், அதாவது பிபிடி, சிறு மூலக்கூறாக மயிரிழைக்குள் நுழைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்ததும் உள்ளேயே பெரிய நிற மூலக்கூறாக மாறிவிடுவதால்தான், எத்தனை முறை தலை குளித்தாலும் அந்த நிறம் போகாமல் நிற்கிறது. கறுப்பு மெஹந்தியில் கலக்கப்படுவதும் அதே பொருள்தான். முதல் தடவை உடல் ஒன்றும் காட்டாமல் அதைப் பகையாகக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த தடவை சீறிவிடக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் அது விடுவதில்லை.

ஆகவே நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன் என்றாலும், அதைத் தலைக்குக் கொண்டுபோகவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு தடவிவிட்டு, உறையில் எழுதியிருந்தபடி 48 மணி நேரம் காத்திருந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மாலை பேருந்தில் வரும்போது அந்த இடம் அரிக்கத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், உளுந்தளவு தடித்துச் சிவந்திருந்தது. அந்த இரண்டு நாளைப் பொறுக்காமல் தலையில் அடித்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது. டை அடிக்கப்போகிற ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அந்த 48 மணி நேரத்தைத் தயவுசெய்து கழித்துக்கட்டாதீர்கள். உறையில் மருதாணி இலைப் படம் இருக்கிறது என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். வெறும் மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுப்பாகப் பிடிக்கிற மருதாணி என்றால் அதில் வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

மிஞ்சியது அவுரி, இலையிலிருந்து நீலச் சாயம் தரும் செடி. ஒரு வேலையாகப் புதுச்சேரி போனபோது, பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையொன்றில் அவுரிப் பொடி கேட்டேன். கடைக்காரர், "பேதிக்கா, தலைக்காம்மா?" என்றார். நிலாவாரையையும் அவுரி என்று சொல்லும் வழக்கம் இருப்பதால் தலைக்கு வேண்டும் என்பவர்கள் நீலி அவுரி என்று கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நமக்கு இது புதிய செடி அன்று. அன்றைய தென்னார்க்காட்டு நிலங்களில் இது பயிராகியது; இதில் நீலம் தோய்த்த புதுச்சேரித் துணி, 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகுதான் இந்தச் சாகுபடி நொடித்தது.

சனிக்கிழமை மருதாணி, ஞாயிற்றுக்கிழமை அவுரி என்று வைத்துக்கொண்டோம். 150 கிராம் மருதாணிப் பொடியைத் தேயிலை டிகாக்‌ஷனிலும் எலுமிச்சைச் சாற்றிலும் குழைத்து, இரும்புக் கடாயில் இரவு முழுக்க ஊறவைத்தோம். எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் குடிதண்ணீரையே எடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து ஷாம்பு இல்லாமல் அலசியபோது, நரைத்த இழைகள் மட்டும் செம்புக் கம்பிபோல மின்னின. இந்தச் செம்மையின் மேல் அவுரியின் நீலம் படிந்தால்தான் கருமை வரும். அவுரியை மட்டும் நரையில் வைத்தால் நீலமாகவோ பச்சையாகவோ நின்றுவிடும்.

மறுநாள் அவுரிப் பொடியில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்தேன். கீரை வேகவைத்த தண்ணீரின் வாசம் அடித்தது. கால் மணி நேரத்தில், பச்சைக் குழம்பின் மேல் கருநீலமாக ஓர் ஏடு படர்ந்தது. அந்த ஏடு கண்டதும் தலையில் வைத்துவிட வேண்டும். தாமதித்தால் வீரியம் போய்விடும். அம்மா கையுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிறுவயதில் எனக்குப் பேன் பார்த்தது போலவே, சீப்பின் காம்பால் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் வேரோரம் அழுத்தி அழுத்தி வைத்தார். பின்னந்தலையும் உச்சியும் முடிந்த சமயத்தில் சித்தப்பா வீட்டார் வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. மீதமிருந்த குழம்பைத்தான் காதோரங்களில் வைத்தோம்.

இரண்டு மணி நேரம் கழித்து அலசியதும் தலை கரும்பச்சையாகத் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. "காத்துப் பட்டாத்தான் கறுக்கும், பொறு" என்றார் அம்மா. அவர் சொன்னபடியே, செவ்வாய்க்கிழமை காலைக்குள் உச்சி முழுவதும் கறுப்பென்றே சொல்லத்தக்க ஆழ்ந்த பழுப்புக்கு வந்துவிட்டது. காதோரங்கள் மட்டும் செம்பாகவே நின்றன. அடுத்த ஞாயிறு, வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல், புதிதாகக் குழைத்து அங்கே மட்டும் மறுபடியும் வைத்தோம். இந்த முறை பிடித்துவிட்டது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதால் நான்கு வாரத்தில் வேரோரம் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அம்மாவின் நகக்கண்களில் நீலம் பத்து நாளுக்குப் போகவில்லை. பாடலீஸ்வரர் கோயிலில் திருநீறு வாங்க நீட்டிய கையைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என்னவென்று கேட்டார். "எம் பொண்ணுக்குத் தலைக்கு வெச்சுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா என்னைத் திருப்பி நிறுத்திப் பின்னலைக் காட்டினார்.