மணலுக்குள் போகிற தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் வீட்டுக்கு முன்னால் புல்தரை போடுவது கொஞ்சம் அதிகப்படிதான். துபாயில் இருக்கிற மகன் லீவில் வந்தபோது ஆசைப்பட்டுப் போட்டுவிட்டுப் போனான். மண்ணுக்கடியில் பிவிசி குழாய், மேலே ஸ்பிரிங்க்ளர். தண்ணீர் விடுவது என் வேலை. "குடிதண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையுறோம், இதுல புல்லு வேற" என்று முணுமுணுப்பது வீட்டுக்காரர் வேலை.

கோடையில் தொட்டி சீக்கிரமே காலியாக ஆரம்பித்தது. எங்கோ ஒழுகுகிறது. ஈரம் தேங்குகிற இடத்தைப் பாருங்கள் என்பார்கள். களிமண் ஊருக்கு அது சரி. இங்கே வெறும் மணல். எவ்வளவு ஒழுகினாலும் மேலே காட்டாமல் கீழே இறங்கிவிடும். நம் நிலத்துக்குள்தானே போகிறது என்று விடவும் முடியாது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. போர் மோட்டாரை அதிகம் ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

அதனால் தரையை விட்டுவிட்டுத் தொட்டியைப் பிடித்தேன். ராத்திரி வீட்டுக்குப் போகும் வால்வையும் புல்தரை வால்வுகளையும் மூடிவிட்டு, தொட்டி வாயிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இஞ்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டேன். ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர். விடியும்போது மட்டம் நன்றாகவே இறங்கியிருந்தது. அப்படியென்றால் ஒழுகல் தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவில். மட்டம் அசையாமல் இருந்திருந்தால் வால்வைத் தாண்டித் தேட வேண்டும். அங்கே ஓட்டை இருந்தாலும் தண்ணீர் விடும்போது மட்டும்தான் ஒழுகும்.

அப்புறம் கம்பி வேலை. புல்லுக்கு ரெண்டு நாள் தண்ணீர் காட்டாமல் காயவிட்டு, குழாய் போகிற பாதையை ஒட்டி, குழாயில் குத்திவிடாமல், ஒரு நீளக் கம்பியை மெதுவாக இறக்கி எடுத்தேன். காய்ந்த மணல் கம்பியில் நிற்காது, உதிர்ந்துவிடும். தென்னை மரத்துப் பக்கம் ஈர மணல் அப்பிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் மட்டும் அருகம்புல்லுக்கு நடுவே கோரை தழைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எங்கள் போர் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு என்பதால் மேலே வெள்ளையாகவும் லேசாகப் பூத்திருந்தது.

பிளம்பர் தம்பி தோண்டினார். குழாய் நன்றாகத்தான் இருந்தது. இணைப்பில் போட்டிருந்த நிப்பிள் என்கிற சின்ன இரும்புக் குழாய்த் துண்டு துருப்பிடித்துப் பொடிந்து கிடந்தது.

"உப்புத் தண்ணிக்குப் போய் யாரு அக்கா இரும்பைப் போட்டது?"

போட்டவர் வேறு ஆள். இவர் பித்தளை மாட்டினார். குழியை உடனே மூட நான் விடவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, மறுநாள் மறுபடி டேப்பை வைத்துப் பார்த்தபோது மட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. சரி, மூடுங்கள் என்றேன்.

காம்பவுண்டுச் சுவர் ஓரத்து ஸ்பிரிங்க்ளர் ஒன்று ஓடும்போது அடியில் கசிகிறது. அதற்கு இப்போதைக்கு வால்வை மூடி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.